ஏலத்தில் சொன்ன விலை

காக்ஸ் டவுனில் நாங்கள் குடியிருந்த நாட்களில் என் கணவர் எங்கள் கிறிஸ்தவ சபையின் காரியதரிசியாக இருந்தார். அது ஊதியமில்லாப் பொறுப்பு. பகலில் அரசாங்க அலுவலகம் ஒன்றில் தலைமைக் குமாஸ்தா. மாலையில் சபையின் வரவு செலவு, பேராயரின் மேற்றிராசனத்துக்கு எழுத வேண்டிய கடிதங்கள், கல்லறைத் தோட்டத்து வேலிக்குக் கம்பி வாங்குவது எல்லாம் அவருடையவை. ஐம்பதுகளின் நடுவில், சபைக்குக் கடன் கொடுத்தவர்கள் சபையின் மீதும் அவர் மீதும் வழக்குத் தொடர்ந்தார்கள். வருமானத்தைப் பொய்யாகக் காட்டி ஏமாற்றினார் என்பது குற்றச்சாட்டு. சபை தோற்றால், நீட்டிக் கட்டத் தொடங்கியிருந்த கோயில் பாதியில் நிற்கும். ஆனால் ‘வஞ்சகம்’ என்ற சொல் தீர்ப்பில் இடம்பெற்றுவிட்டால் என் கணவருக்கு அரசாங்க வேலை இருக்காது. வேலையைப் பற்றி அவர் என்னிடம் ஒரு முறைதான் பேசினார். அந்தச் சொல்லைப் பற்றிப் பல முறை பேசினார்.

வழக்கு எங்கிருந்து முளைத்தது என்பதைச் சொல்ல, எங்கள் அறுப்பின் பண்டிகையைச் சொல்ல வேண்டும். எங்களில் எவருக்கும் வயல் கிடையாது. பட்டாளத்து அலுவலகங்களிலும், ஆலைகளிலும், ரயில்வேயிலும், பள்ளிகளிலும் வேலை பார்த்தவர்கள் நாங்கள். ஆயினும் ஆண்டுக்கொரு முறை ரஸ்ஸல் மார்க்கெட்டில் பூசணிக்காயும் முட்டைக்கோசும் கரும்பும் வாங்கிவந்து பீடத்தின் முன் அடுக்குவோம். ஆராதனை முடிந்ததும் அவற்றை வெளி முற்றத்துக்கு எடுத்துச் சென்று ஏலம் விடுவார்கள். ஓய்வு பெற்ற ரயில்வே கார்டு ஒருவர் ஏலம் கூறுவார். பச்சைக் கொடி காட்டி வளர்ந்த குரல்.

“பூசணி ரெண்டு ரூபா. ரெண்டு ரூபாய்க்கு எங்க வீட்டுப் பெருச்சாளிகூடத் திரும்பிப் பாக்காது. மில்லு மச்சான், வாயில என்ன, வெத்தலையா?”

“அஞ்சு.”

“அஞ்சு ரூபா. பின்னால உங்க சம்பந்தி நிக்கிறாரு. பாத்துப் பேசுங்க.”

“அவரு ஏழு சொல்லட்டும், நான் பத்து சொல்றேன்.”

“சம்பந்தி கேட்டீங்களா? உங்க பொண்ணு அங்கதான் வாழப் போகுது.”

இப்படி ஏறி இருபது, முப்பது என்று நிற்கும். ஏலம் எடுத்தவர் காயை வீட்டுக்குக் கொண்டுபோக மாட்டார். “கோயிலுக்கே வைங்க” என்று திருப்பிக் கொடுப்பார். அதே பூசணிக்காய் மறுபடியும் ஏலத்துக்கு வரும். ஒரே காய் நான்கு குடும்பங்களின் கையில் ஏறி இறங்கியதைப் பார்த்திருக்கிறேன்.

சொன்ன தொகையை அன்றே கொடுப்பவர் சிலர். சம்பள நாளில் உறையில் போட்டுக் கொடுப்பவர் சிலர். மாதம் ஒரு ரூபாயாக அடுத்த பண்டிகை வரை கொடுப்பவர்களும் உண்டு. கொடுக்க முடியாமலே போனவர்களும் இருந்தார்கள். அவர்களிடம் எவரும் கேட்க மாட்டார்கள். பாக்கி என்ற சொல்லை அந்தப் பணத்தோடு சேர்த்து நான் கேட்டதே இல்லை. அடுத்த ஞாயிறு போதகர் பீடத்திலிருந்து ஏலத்தின் மொத்தத் தொகையை வாசித்து ஸ்தோத்திரம் சொல்வார். அந்தத் தொகைதான் ஆண்டறிக்கையில் வருமானமாக ஏறும். என் கணவருக்கு முன்பிருந்த காரியதரிசிகளும் அப்படியே எழுதினார்கள். கடவுள் முன் ஒருவர் சொல்லிவிட்ட காணிக்கையை வராதது என்று எழுத அவர்களுக்குக் கை வரவில்லை.

கடன் கொடுத்தவர்கள் அல்சூரில் மரக்கடை வைத்திருந்த அண்ணன் தம்பி. தமிழர்கள், மைசூர் சமஸ்தானத்தில் மூன்று தலைமுறையாக வாழ்ந்த குடும்பம். பழைய கூரைக்கு உத்திரம் கொடுத்தவர்களும் அவர்களே. கோயில் சிறிதாகிவிட்டது, பண்டிகை நாட்களில் பாதிப் பேர் வெளியே நிற்கிறார்கள் என்று சபை கூடித் தீர்மானித்தபோது, பணத்துக்கும் அவர்களையே நாடினார்கள். கோயில் நிலம் மேற்றிராசனத்தின் பெயரில் இருந்ததால் அதை அடகு வைக்க வழியில்லை. “வருமானத்தைப் பாத்துத்தான் குடுக்க முடியும், சார்” என்று மூத்தவர் நேர்மையாகச் சொன்னார். அந்த ஆண்டு அறுப்பின் பண்டிகைக்கு என் கணவர் அவரை அழைத்தார். அழைப்பில் உள்நோக்கம் இருந்தது என்று பின்னாளில் மனுவில் எழுதினார்கள். அழைக்கும்போது நான் அருகில் இருந்தேன். எங்கள் பண்டிகையை ஒரு நல்ல மனிதர் பார்க்கட்டும் என்பதற்கு மேல் அதில் ஒன்றும் இல்லை.

அவர் முன்வரிசை நாற்காலியில், மூடிய கழுத்துக் கோட்டும் வேட்டியுமாக, கைகளை மடியில் வைத்து அமர்ந்திருந்தார். கார்டு அவரை விடவில்லை.

“அல்சூர் ஏரிக்கரையிலேர்ந்து பெரியவர் ஒருத்தர் வந்திருக்காரு. மரம் விக்கிறவருக்குப் பூசணி வெல தெரியுமான்னு பாத்துடுவோம்.”

எல்லாரும் சிரித்தார்கள். அவரும் சிரித்து, “நாப்பது” என்றார். எதிர்க்குரல்கள் எழுந்தன. அறுபதில் காய் அவருடையதாயிற்று. வழக்கத்தை ஒருவர் காதில் சொன்னதும், “உங்க சாமிக்கே இருக்கட்டும்” என்று திருப்பிக் கொடுத்தார். கைதட்டல் அடங்க நேரமாயிற்று. அன்று ஏலம் முன் எந்த ஆண்டும் காணாத அளவுக்கு ஏறியது. புறப்படும்போது வாயிலில் நின்று அவர் என் கணவரிடம் கேட்டார்:

“வருஷா வருஷம் இப்படித்தான் வருமா?”

“ஆண்டவர் கிருபையில ஒரு வருஷமும் கொறஞ்சதில்லைங்க.”

அது உண்மை. ஏலம் ஒரு வருடமும் குறைந்ததில்லை. அவர் கேட்டது வேறு என்று அந்த வாயிலில் நின்ற எங்கள் இருவருக்கும் தோன்றவில்லை. சில வாரங்களில் முந்தைய ஆண்டுகளின் வருமான அறிக்கை, போதகர் கையொப்பமும் என் கணவர் கையொப்பமும் தாங்கி அவர்களுக்குப் போயிற்று. பணம் வந்தது.

புதுச் சுவர் சன்னல் உயரம் வந்தபோது காலம் மாறிவிட்டிருந்தது. வெள்ளைக்காரப் பட்டாளம் போனபின் அது தங்கியிருந்த கன்டோன்மென்ட்டில் மெல்ல மெல்லச் சுருங்கிய வேலைகள் அந்த ஆண்டுகளில் இன்னும் சுருங்கின. கிடங்குகள் மூடப்பட்டன. சில குடும்பங்கள் சென்னைக்குப் போயின. சிலர் அதைவிடத் தூரம். ஏலத்தில் மட்டும் குரல் குறையவில்லை. நல்ல நாட்களில் சொன்ன விலையை மெலிந்த நாட்களில் குறைத்துச் சொல்ல வெட்கப்பட்டார்கள் என்று நினைக்கிறேன். தவணைகள் தவறின. சகோதரர்கள் முதலில் தாமே வந்தார்கள், பிறகு ஆள் அனுப்பினார்கள், பிறகு வக்கீல் நோட்டீஸ் வந்தது.

பெறாத பணத்தைப் பெற்றதாகக் காட்டி, அதை நம்பச் செய்து கடன் பெற்றார்கள் என்று அதில் எழுதியிருந்தது. முழுத் தொகையையும் உடனே திருப்ப வேண்டும். கையொப்பமிட்ட காரியதரிசி நேரிலும் பொறுப்பாவார். என் கணவர் நின்றபடியே வாசித்தார். பிறகு செருப்பைக் கழற்றாமலே நாற்காலியில் உட்கார்ந்தார். வீட்டுக்குள் அவர் அப்படி இருந்ததை நான் பார்த்ததில்லை.

“நான் பொய் எழுதலையே” என்றார்.

“இல்லைங்க.”

“அப்போ இது என்ன?”

பத்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்குத் தமிழ் நடத்துகிறவள் நான். ஒரு சொல்லுக்கு எத்தனை பொருள் உண்டென்று தினமும் கரும்பலகையில் எழுதுகிறவள். ‘வஞ்சகம்’ என்ற அந்தச் சொல்லுக்கு அவருக்கு ஆறுதலான பொருள் ஒன்றையும் என்னால் எடுத்துத் தர முடியவில்லை.

சபை ஒரு வக்கீலை அமர்த்தியது. மல்லேஸ்வரத்துக்காரர், கெட்டிக்காரர், காப்பியை ஆற்றாமல் குடிப்பவர். எங்கள் முன்னறையில் உட்கார்ந்து வழக்கை மிக எளிதாக்கினார்.

“சார், உங்க ஏலம் ஒரு சடங்கு. ஒரு பூசணிக்காய் நாலு தடவை விலை போகுது. புத்தியுள்ளவன் எவனாவது அதை வருமானம்னு நம்புவானா? நம்பினா அது அவன் தப்பு. அவங்க வியாபாரிங்க, விசாரிச்சிருக்கணும். நீங்க கூண்டுல ஏறி அதைச் சொன்னாப் போதும். எல்லாம் விளையாட்டு, சம்பிரதாயம், ஊருக்கே தெரியும்னு.”

“விளையாட்டா?” என்றார் என் கணவர்.

“கோர்ட்டுக்கு, சார். கோர்ட்டுக்கு மட்டும்.”

அப்போது நடையில், அடுத்த தெருவில் தையல் வேலை செய்துவந்த பெண் ஒருத்தி என் ரவிக்கையோடு காத்திருந்தாள். கணவனை இழந்தவள், எங்கள் சபைக்காரி. வக்கீல் போனதும் உள்ளே வந்து துணியை என் கையில் கொடுத்தாள்.

“அந்த சார் சொன்னது நெசமாக்கா? வெறும் சடங்கா?”

“அப்படிச் சொன்னாத்தான் தப்பிக்கலாமாம்.”

“போன பண்டிகையில நான் ஒரு கோழிக்கு முப்பது சொன்னேன். கிறிஸ்மஸ் தாண்டியும் தச்சுத் தச்சுக் கட்டினேன். சடங்குன்னு முன்னமே சொல்லியிருந்தா பையனுக்குச் செருப்பாவது எடுத்திருப்பேன்.”

கோபமில்லாமல், சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். கூலியை வாங்கி முந்தானையில் முடிந்துகொண்டு போனாள். உள்ளறையில் இருந்த என் கணவருக்கு அது கேட்டிருந்தது. அன்று மாலை அவர் சபைக் கூட்டத்துக்குப் போகவில்லை.

விசாரணை கன்டோன்மென்ட் நீதிமன்றத்தில் நடந்தது. பள்ளியில் விடுப்பு எடுத்துக்கொண்டு நானும் போனேன். மூத்த சகோதரர் முதலில் சாட்சிக் கூண்டில் ஏறினார். நீதிபதி கன்னடக்காரர், தமிழ் புரியும், இருந்தாலும் மொழிபெயர்ப்பாளர் ஒருவர் நின்றார். எங்கள் வக்கீல் நிதானமாக வலையை விரித்தார்.

“நீங்களும் அந்த ஏலத்துல விலை கேட்டீங்க, இல்லையா?”

“கேட்டேன்.”

“காயை வீட்டுக்குக் கொண்டுபோனீங்களா?”

“இல்ல. திருப்பிக் குடுத்துட்டேன்.”

“அப்போ அது விளையாட்டுன்னு உங்களுக்கே தெரிஞ்சிருக்கு.”

“காயைத் திருப்பிக் குடுத்தேன்” என்றார் அவர். “பணத்தை மறுநாள் காலையில குடுத்தனுப்பிச்சேன். ஏலத்துல ஒரு வெல சொன்னா அது கடன்தானே. எங்க மர டிப்போல அப்படித்தான். ஒரு கோயில்ல சொன்ன வார்த்தை எங்க டிப்போல சொல்றதவிடக் கொறஞ்சதா இருக்கும்னு எனக்கு எப்படிங்க தெரியும்?”

மொழிபெயர்ப்பாளர் அதைக் கன்னடத்தில் சொல்லத் தொடங்கினார். நீதிபதி கையசைத்து நிறுத்தினார். அவருக்குப் புரிந்திருந்தது. என் கணவர் என்னருகில், பெஞ்சின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு குனிந்திருந்தார். அந்தப் பணத்தைக் கைநீட்டி வாங்கியவர் அவர்தான். திங்கட்கிழமை காலை, அலுவலகம் புறப்படும் நேரம், மரக்கடை ஆள் வாசலில் நின்று கொடுத்துவிட்டுப் போனதை நானும் பார்த்தேன். எவ்வளவு பெருந்தன்மை என்று அன்று வியந்தோம். அவர் அதைக் கடனென்று எண்ணிக் கட்டியிருக்கிறார். நாங்கள் அதை மேன்மை என்று எண்ணிப் பாராட்டியிருக்கிறோம். இரண்டுக்கும் நடுவில்தான் வழக்கு முழுவதும் கிடந்தது.

இடைவேளையில் வளாகத்து மரத்தடியில் உட்கார்ந்தோம். வக்கீலின் கலகலப்பு போயிருந்தது.

“நெசமாவே பணம் வந்துதா?”

“வந்தது. நான்தான் வாங்கினேன்.”

“ரசீது?”

“காணிக்கைக்கு நாங்க ரசீது எழுதறதில்லை.”

“நல்லது. ஞாபகம் இல்லைன்னு சொல்லிடுங்க. பொய் சொல்லச் சொல்லலை. எத்தனையோ உறை வருது, இது ஞாபகம் இல்லை. அவ்வளவுதான். நீங்க வாங்கினதா ஒத்துக்கிட்டா, அவர் எப்படிப் புரிஞ்சுக்கிட்டார்னு உங்களுக்குத் தெரிஞ்சும் மறைச்சீங்கன்னு ஆயிடும். வஞ்சகம்னு எழுதறதுக்கு அது போதும். உங்க உத்தியோகத்தையும் பாத்துக்கோங்க.”

போதகர் மெல்லிய குரலில், “தம்பி, கோயிலையும் நெனச்சுக்கோங்க” என்றார். போதகர் வயதானவர், களைத்திருந்தார், அறிக்கையில் அவரும் கையொப்பமிட்டவர். அவரைக் குறை சொல்ல எனக்கு இன்றும் மனமில்லை.

என் கணவர் உண்ணாத எலுமிச்சம் சோற்றைத் தூக்குச் சட்டியில் மூடி வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். எங்கள் மூத்த பெண் அப்போது கல்லூரியில் சேர இருந்தாள். என் பள்ளிச் சம்பளம் வாடகைக்கு மட்டும் போதும். இவ்வளவையும் அவர் என் முகத்தில் தேடினார் என்பது எனக்குத் தெரிந்தது.

“நீங்க எதைச் சொன்னாலும் நாம ஒண்ணாத்தான் வீட்டுக்குப் போகப் போறோம்” என்றேன்.

பிற்பகலில் அவர் கூண்டில் ஏறினார். எதிர்த்தரப்பு வக்கீல் அந்தக் கேள்வியைத்தான் முதலில் கேட்டார். பணம் வந்ததா?

“வந்தது. மறுநாள் காலையில. நான் வாங்கினேன்.”

“விலை கேட்ட எல்லாரும் அப்படிக் கொடுத்தார்களா?”

“இல்லை.”

“பின் எப்படி அதை வருமானம் என்று எழுதினீர்கள்?”

நீதிபதி கன்னடத்தில், அவசரம் வேண்டாம், யோசித்துச் சொல்லுங்கள் என்றார். அந்தப் பரிவு அவருக்குத் துணிவு தந்திருக்க வேண்டும்.

“ஆண்டவர் முன்னால சொன்னதை வராதுன்னு நான் எப்படிங்க எழுதறது? கொடுக்க நெனச்சுத்தான் எல்லாரும் சொன்னாங்க. தச்சுக் கொடுத்தவங்க இருக்காங்க. ஒரு வேளைச் சாப்பாட்டை நிறுத்திக் கொடுத்தவங்க இருக்காங்க. முடியாமப் போனவங்களும் இருக்காங்க. அது விளையாட்டு இல்லைங்க, சடங்கும் இல்லை.” இந்த இடத்தில் எங்கள் வக்கீல் கண்களை மூடிக்கொண்டார். “எங்களுக்கு எங்க வழக்கம் தெரியும். இந்தப் பெரியவருக்குத் தெரியாதுன்னு எனக்குத் தோணவே இல்லை. தோணியிருக்கணும். அவர் வாசல்ல நின்னு கேட்டப்பவே நான் விளக்கியிருக்கணும்.”

“கொடுக்காதவர்கள் யார் யார்?”

“அதைச் சொல்ல மாட்டேங்க.”

நீதிபதி, அது தேவையில்லை என்றார்.

தீர்ப்புக்குக் காத்திருந்த மாதங்கள் நீளமானவை. அலுவலகத்தில் மேலதிகாரி தீர்ப்பின் நகல் வந்தபின் பார்க்கலாம் என்று சொல்லிவைத்தார். சபையில் சிலர் எங்களோடு பேசுவதை நிறுத்தினார்கள். சிலர் முன்பைவிட மரியாதையாகப் பேசினார்கள், அது அதைவிடக் கடினமாயிருந்தது. கார்டு மட்டும் நேரே வீட்டுக்கு வந்து மனத்தில் இருந்ததைக் கொட்டினார்.

“ஞாபகம் இல்லைன்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா சுவர் ஏறியிருக்கும்யா. நாப்பது வருஷம் கத்தி ஏலம் விட்டேன். எங்க கோயில்ல பாதிப் பேரு சொன்னதைக் கொடுக்கலைன்னு இப்போ ஊரெல்லாம் தெரியும்.”

“பாதிப் பேர்னு நான் சொல்லலையே அண்ணா.”

“நீ சொல்லலை. அவனவன் எண்ணிக்கிட்டான்.”

காப்பி கொடுத்தேன். குடித்துவிட்டுத்தான் போனார்.

தீர்ப்பு வந்தது. அறிக்கை உண்மைக்கு மாறானது. அதை நம்பியே கடன் தரப்பட்டது. ஆகவே சபை முழுத் தொகையையும் திருப்ப வேண்டும். ஆனால் ஏமாற்றும் எண்ணம் இருந்ததாக மெய்ப்பிக்கப்படவில்லை. காரியதரிசியின் மீதான தனி வழக்குத் தள்ளப்பட்டது. அவர் வேலை தப்பியது. கோயில் தப்பவில்லை. புதுக் கூரைக்கென வாங்கிப் பயன்படுத்தாமல் கிடந்த தேக்கு உத்திரங்களைக் கடனில் கழித்துக்கொள்ளச் சகோதரர்கள் இசைந்தார்கள். மாட்டு வண்டிகள் வந்து அவற்றை அல்சூருக்கு ஏற்றிச் சென்ற காலையில் மூத்தவரும் வந்திருந்தார். வண்டிகள் நகர்ந்தபின் என் கணவரிடம் வந்தார்.

“வஞ்சகம்னு போடவேண்டாம்னுதான் நான் சொன்னேன், சார். தம்பி கேக்கலை.”

“நீங்க கேட்டது நியாயம்தாங்க.”

இருவரும் கைகூப்பிக்கொண்டார்கள்.

என் கணவர் பொறுப்பைத் துறந்தார். புதிய காரியதரிசி, சொன்னதையும் வந்ததையும் தனித்தனியே எழுதலானார். அடுத்த பண்டிகையில் எல்லாரும் கையில் இருப்பதை மட்டுமே விலையாகச் சொன்னார்கள். கணக்கு சரியாக இருந்தது. முற்றம் சத்தமில்லாமல் இருந்தது. நீட்டிக் கட்டிய பகுதியில், சன்னல் உயரச் சுவரின் மேல் கம்பம் நிறுத்தித் தகரம் வேய்ந்து, மழை நாளில் பிரசங்கம் காதில் விழாமல், பல ஆண்டுகள் ஆராதனை செய்தோம். அந்தத் தகரத்தின் கீழ் உட்காரும்போதெல்லாம் அதற்குக் காரணம் தாமே என்று அவர் எண்ணினார் என்பதை நான் அறிவேன். ஆயினும் ஒரு ஞாயிறும் அவர் போகாமல் இருந்ததில்லை.

தீர்ப்பில் அவரைப் பற்றி ஒரு வரி இருந்தது: கவனக்குறைவானவர், ஆனால் நேர்மையான சாட்சி. நகல் வந்த நாளில் அவர் முதற்பாதியைத் திரும்பத் திரும்ப வாசித்தார். நான் பிற்பாதியை வாசித்தேன். ஒருவர் மற்றவரின் பாதியை ஏற்க எங்களுக்குச் சில ஆண்டுகள் பிடித்தன. நான் முந்திக்கொண்டேன் என்று சொல்ல முடியாது.